முடி நடவு: பட்டையா, பஞ்ச் துளையா, ரோபோவா? முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முடி மாற்று அறுவை சிகிச்சைக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான்: "எந்த முறை நல்லது? எஃப்.யூ.இ.யா, டி.எச்.ஐ.யா, ரோபோட்டிக்கா?" (எஃப்.யூ.இ. என்பது துளையிட்டு முடியைப் பறிக்கும் முறை, டி.எச்.ஐ. பேனா போன்ற கருவியால் நடும் முறை. விவரம் கீழே.) நானும் அப்படித்தான் கேட்டேன். 26 வயதில் எனக்கு முதல் அறுவை, 37 வயதில் இரண்டாவது. அந்தப் பதினொரு வருடத்தில் ஒன்று புரிந்தது. கருவியைப் பற்றிய கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. அதற்கு முன்னால் இரண்டு இருக்கின்றன: என் பின்மண்டையில் எடுத்துச் செலவழிக்க எவ்வளவு முடி இருக்கிறது? அதை யார் கை செலவழிக்கப் போகிறது?

நெல் நடவு பார்த்தவர்களுக்கு இந்தச் சிகிச்சை சட்டென்று பிடிபடும். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிறோம். இங்கே பின்மண்டையும் பிடரியின் மேல்பகுதியும் நாற்றங்கால், வழுக்கை விழுந்த முன்னந்தலையும் உச்சியும் வயல். ஆனால் இந்த நாற்றங்காலில் மறுபடி விதைக்க முடியாது. பறித்த இடத்தில் பறித்தது போனதுதான். இது மனதில் நன்றாகப் பதிந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் எளிதாகப் புரியும்.

முதலில், ஏன் கொட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடுமையான காய்ச்சல், பிரசவம், இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றால் கொத்துக் கொத்தாகக் கொட்டும் முடி, காரணம் சரியானதும் பெரும்பாலும் தானே திரும்பி வரும். அதற்கு நடவு தேவையே இல்லை. புழுவெட்டு என்றால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. நட்டதையும் அது தாக்கலாம். தோலில் தழும்பை உண்டாக்கி முடியைக் கொல்லும் சில நோய்களும் உண்டு. அவை அடங்கி ஓரிரு வருடமாவது கழிந்த பிறகே நடவைப் பற்றிப் பேசலாம். ஆகவே முதல் படி ஒரு தோல் மருத்துவரிடம் போவது. டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியைத் தலையில் வைத்துப் பார்த்தாலே அவருக்குப் பாதிக் கதை தெரிந்துவிடும்.

நடவுக்கு ஏற்றது பரம்பரை வழுக்கைதான். ஆண்களுக்கு அது ஒரு வரைபடம் போட்டதுபோல முன்னேறும்: நெற்றியின் இரு மூலைகள் ஏறும், உச்சியில் வட்டம் விழும், பிறகு இரண்டும் சேர்ந்துகொள்ளும். 1951இல் ஹாமில்டன் இதை வகைப்படுத்தினார், 1975இல் நார்வுட் அதைத் திருத்தி ஏழு நிலைகளாக்கினார். "நீங்கள் நார்வுட் மூன்று" என்று மருத்துவர் சொன்னால் இதைத்தான் சொல்கிறார். இன்று மூன்று என்பதைவிட 50 வயதில் நீங்கள் எத்தனையில் நிற்பீர்கள் என்பதுதான் முக்கியம். அப்பா, தாய்மாமா, தாத்தா தலைகளை மனதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பெண்களுக்கு நிலைமை வேறு. பலருக்கு வகிடு அகன்று தலை முழுக்க முடி மெலியும், பின்மண்டையும் சேர்ந்தே மெலியும். நாற்றங்காலே மெலிந்திருந்தால் பறித்து நடுவதில் பயனில்லை. ஆண்களிலும் சிலருக்கு இப்படி உண்டு. இவர்களுக்கு "வேண்டாம்" என்று சொல்கிற மருத்துவர் நல்ல மருத்துவர்.

25 வயதுக்குள் இருந்தால் அவசரப்படாதீர்கள். வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. நான் 26இல் போனேன், "பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரியே நெற்றி வேண்டும்" என்று கேட்டேன். கேட்டதைக் கேட்டபடி நட்டுக்கொடுத்தார்கள். பத்து வருடத்தில் நட்ட வரிசை மட்டும் முன்னால் நின்றது, அதற்குப் பின்னாலிருந்த என் சொந்த முடி பின்வாங்கிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு வேலியும் அதற்குப் பின்னால் ஒரு வெட்டவெளியும். இரண்டாவது அறுவையில் பாதி, அந்த வெட்டவெளியை நிரப்பவே போனது.

இதைத் தடுக்கத்தான் மருந்து. தலையில் தடவும் மினாக்ஸிடிலுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1988இல் அனுமதி தந்தது, ஆண்களுக்கான ஃபினாஸ்டெரைடு 1 மி.கி. மாத்திரைக்கு 1997இல். நட்ட முடியைக் காப்பது இவற்றின் வேலையல்ல. இன்னும் விழாமல் இருக்கும் உங்கள் சொந்த முடியைத்தான் இவை பிடித்து வைக்கும். ஃபினாஸ்டெரைடால் சிலருக்குப் பாலுறவு தொடர்பான பக்கவிளைவுகள் வருவதுண்டு, கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. எனவே மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் மருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அறுவையை முடிவு செய்வதே என்னைக் கேட்டால் சரியான வரிசை. அந்த ஒரு வருடத்தில் சிலருக்கு நடவே தேவையில்லாமல் போய்விடும்.

கையிருப்பைக் கணக்கிடுங்கள்

முடி தலையில் ஒற்றை ஒற்றையாக வளர்வதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு என்று சிறு கொத்துகளாக வளர்கிறது. 1984இல் ஹெடிங்டன் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்த இந்தக் கொத்துக்குத்தான் ஃபாலிகுலர் யூனிட் என்று பெயர். சிகிச்சைக்கூடத்தில் இதையே கிராஃப்ட் என்பார்கள். சராசரியாக ஒரு கிராஃப்டில் இரண்டு முடிக்குச் சற்று மேலே இருக்கும். ஆகவே "2,000" என்று யாராவது சொன்னால் அது முடியா, கிராஃப்டா என்று உடனே கேளுங்கள். இரண்டுக்கும் நடுவே பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கிறது.

பின்மண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 65 முதல் 85 கொத்துகள் இருக்கும். அத்தனையையும் எடுக்க முடியாது, எடுத்தால் பின்மண்டை பூச்சி அரித்த கம்பளிபோல் ஆகிவிடும். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து எடுக்கக்கூடியது சுமார் 4,000 முதல் 7,000 கிராஃப்டுகள்.

இப்போது செலவுப் பக்கம். முன்னாலிருந்து உச்சிவரை முழுதாக வழுக்கை விழுந்த தலையில் காலி இடம் 200 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம் நட்டால் 8,000 கிராஃப்டுகள் வேண்டும். கையிருப்போ அதைவிடக் குறைவு. அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் முகத்துக்குச் சட்டமிடும் முன்னந்தலையில் அடர்த்தியாக நட்டு, உச்சியில் மெலிதாக விடுகிறார்கள், அல்லது உச்சியைத் தொடுவதே இல்லை. தலையில் இருக்கவேண்டிய முடியில் பாதி இருந்தாலே பார்ப்பவர் கண்ணுக்கு வழுக்கை தெரியாது என்பது நமக்குச் சாதகமான விஷயம்.

முடியின் தடிமனும் கணக்கில் வரும். தடித்த, சுருண்ட முடி குறைந்த எண்ணிக்கையிலேயே நிறைவாக மறைக்கும். மெல்லிய நேர்முடி, அதுவும் தோல் நிறத்துக்கும் முடி நிறத்துக்கும் வேறுபாடு அதிகமென்றால், கூடுதலாகக் கேட்கும்.

பறிக்கும் முறைகள்

இங்கேதான் பெயர்கள் குழப்பும். ஒரு முடி நடவில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன: பறிப்பது ஒன்று, நடுவது ஒன்று. எஃப்.யூ.டி., எஃப்.யூ.இ., ரோபோ ஆகிய மூன்றும் முக்கியமாகப் பறிப்பதைப் பற்றியவை. டி.எச்.ஐ., சஃபையர் இரண்டும் நடுவதைப் பற்றியவை. இந்த ஒரு பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் எந்த விளம்பரத்தையும் பிரித்துப் படித்துவிடலாம்.

பட்டை முறை, அதாவது எஃப்.யூ.டி. பின்மண்டையில் முடி மிக உறுதியாக நிற்கும் நடுப்பகுதியிலிருந்து 1 முதல் 1.5 செ.மீ. அகலத்தில் ஒரு நீளப் பட்டையாகத் தோலை எடுத்து, இரு விளிம்புகளையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். 20 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 80 வீதம் 1,600 கிராஃப்டுகள். அந்தப் பட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒரு குழுவே உட்கார்ந்து கொத்துக் கொத்தாகப் பிரிக்கும். வேர் கண்ணுக்குத் தெரிய வெட்டுவதால் சேதம் குறைவு. தலையை மொட்டை போட வேண்டியதில்லை, சுற்றியுள்ள முடியை மேலே இழுத்துவிட்டால் தையல் மறைந்துவிடும். மீதியுள்ள பின்மண்டையின் அடர்த்தியும் பெரிதாகக் குறையாது.

விலை என்னவென்றால் ஒரு கோடு. காதுக்குப் பின்னாலிருந்து இன்னொரு காதுவரை ஓடும் மெல்லிய தழும்பு. தையலின் ஒரு விளிம்பைச் சீவி, தழும்பின் ஊடாகவே முடி வளர வைக்கும் டிரைக்கோஃபைட்டிக் தையல் போட்டால் அது வெகுவாக மறையும். ஆனாலும் ஒட்ட வெட்டினால் தெரியும். 10 முதல் 14 நாட்களில் தையல் பிரிப்பார்கள். பின்மண்டை இறுகியதுபோல் சில வாரம் இருக்கும், மரத்த உணர்வு சில மாதங்கள்கூட நீடிக்கலாம். என் முதல் அறுவை இதுதான். தலையணையில் மல்லாந்து படுக்க முடியாத அந்த முதல் வாரம் நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பறித்த விதத்தில் எனக்குக் குறையே இல்லை, குறையெல்லாம் நட்ட இடத்தில்தான். பட்டை முறை பழசு, அதனால் மட்டம் என்று பேசுவது நியாயமில்லை. அதிக எண்ணிக்கை வேண்டியவர்களுக்கு முதலில் பட்டை, பிறகு எஃப்.யூ.இ. என்று இரண்டையும் சேர்த்தால்தான் நாற்றங்காலின் முழு விளைச்சலும் கிடைக்கும்.

எஃப்.யூ.இ. முறையில் பட்டை இல்லை. ஒவ்வொரு கொத்தையும் சுற்றி, பஞ்ச் என்ற வட்ட வாயுள்ள குட்டிக் குழாயால் துளைத்துத் தளர்த்தி, இடுக்கியால் உருவி எடுப்பார்கள். 2002இல் ராஸ்மனும் பெர்ன்ஸ்டைனும் இதை மருத்துவ இதழில் விரிவாக எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தையல் இல்லை, கோட்டுத் தழும்பு இல்லை, வலி குறைவு, நான்கைந்து நாட்களில் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் "தழும்பே இருக்காது" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு துளையும் ஒரு புள்ளித் தழும்புதான். கருமையான தோலில் வெளிர்ப் புள்ளிகளாகத் தெரியலாம்.

பஞ்சின் அளவைக் கட்டாயம் கேளுங்கள். பொதுவாக 0.7 முதல் 1 மி.மீ. வரை. 0.8க்கும் 1க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும், கணக்குப் போட்டால் தெரியும். 0.8 மி.மீ. துளையின் பரப்பு அரை சதுர மில்லிமீட்டர், 1 மி.மீ. துளையின் பரப்பு ஏறக்குறைய 0.79. 2,000 துளை போட்டால் முதலாவதில் 10 சதுர சென்டிமீட்டர் காயம், இரண்டாவதில் 16க்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை மடங்குக்கும் மேல். அதற்காக மிகச் சிறிய பஞ்ச்தான் சிறந்தது என்றும் இல்லை. வாய் குறுகக் குறுக, மூன்று முடிக் கொத்தின் வேர் அறுபடும் வாய்ப்பு கூடும்.

ஏன் அறுபடுகிறது என்று சொல்கிறேன். முடி தோலுக்கு மேலே ஒரு சாய்வில் நிற்கிறது, தோலுக்குள் போனதும் அந்தச் சாய்வு மாறிவிடுகிறது. ஒரே வாயிலிருந்து வெளியே வரும் மூன்று முடிகளின் வேர்கள் உள்ளே விரல் விரித்தாற்போல் அகன்றிருக்கும். வேர் 4, 5 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. மருத்துவர் மேலே பார்த்தபடி, உள்ளே பார்க்காமல் பஞ்சை இறக்குகிறார். கோணம் சற்றுத் தவறினாலும் வேர் துண்டாகிவிடலாம்.

இரண்டாவது அறுவையின்போது இடைவேளையில் என்னிடம் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார்கள். குளிர்ந்த திரவத்தில் பத்துப் பத்தாக அடுக்கிய கிராஃப்டுகள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் அசல் நாற்று. மேலே துளித் தோல், அதிலிருந்து நீண்ட முடித்தண்டு, அடியில் வெங்காயத்தின் அடிபோல் உருண்ட வேர்முனை, அதைச் சுற்றிப் பளபளக்கும் வெள்ளைக் கொழுப்பு. தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த இரண்டில் வேர்முனை இல்லை, தண்டு மட்டும் மொட்டையாக நின்றது. அறுபட்டவை. "நூற்றுக்கு இப்படி எத்தனை?" என்று நான் கேட்டபோது மருத்துவர் தாளைப் பார்த்து எண்ணிக்கையைச் சொன்னார். எழுதி வைத்திருந்தார் என்பதே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது.

இந்தச் சேதத்தைக் குறைக்கத்தான் விதவிதமான கருவிகள். கையாலேயே திருகும் பஞ்ச் மெதுவானது, ஆனால் திசுவின் பிடிப்பைக் கை உணரும். மோட்டார் பஞ்ச் வேகமானது, இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது இதுதான். அதிலும் முழுதாகச் சுழல்வது ஒருவகை, இடமும் வலமுமாக ஊசலாடுவது இன்னொரு வகை. கூரான வாய் சுலபமாக இறங்கும், வேரையும் சுலபமாக வெட்டும். மழுங்கிய வாய் வேரை ஒதுக்கிக்கொண்டு போகும், அழுத்தம் கூடினால் கொத்தைத் தோலுக்குள் புதைத்துவிடும். கிராஃப்டைக் காற்றால் உறிஞ்சி எடுக்கும் கருவியும் உண்டு. அதில் வேர் உலர்ந்துவிடாமல் கவனம் வேண்டும். சுருள்முடி உள்ளவர்களுக்கு வேர் தோலுக்குள்ளேயே வளைந்திருக்கும், ஆகவே அவர்கள் அந்த வகை முடியில் நிறைய வேலை செய்தவரைத்தான் தேட வேண்டும்.

இனி ரோபோ

ரோபோ என்றதும் உள்ளே படுத்தால் முடியோடு வெளியே வரலாம் என்று ஒரு படம் மனதில் விழும். அது உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் எந்திரம் ஆர்டாஸ். 2011இல் எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி தந்தது. கறுப்பு அல்லது பழுப்பு நிற நேர்முடி உள்ள ஆண்களுக்குக் கொத்துகளைப் பறிக்க என்று தெளிவாக வரையறுத்துத் தந்த அனுமதி அது. நடுவதற்கான வசதி 2018இல்தான் அனுமதி பெற்றது.

எந்திரக் கையின் நுனியில் கேமராக்களும் ஊசியும் இருக்கும். கேமரா ஒவ்வொரு கொத்தையும் முப்பரிமாணத்தில் பார்த்து, அதன் சாய்வு, திசை, அதில் எத்தனை முடி என்று கணக்கிடும். பிறகு கூரான உள் ஊசி தோலை லேசாகக் குத்தும், அதைச் சுற்றியுள்ள மழுங்கிய வெளிக்குழாய் சுழன்று இறங்கிக் கொத்தைத் தளர்த்தும். அவ்வளவுதான். தளர்ந்த கொத்தை இடுக்கியால் உருவி எடுப்பது மனிதர்கள். எண்ணி, தரம் பிரித்து, திரவத்தில் காப்பது மனிதர்கள். நடுவதும் பெரும்பாலான இடங்களில் மனிதர்கள்தான்.

என் பின்மண்டையில் ஒரு பகுதியை ரோபோவால் எடுத்தார்கள். முதலில் முடியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒட்ட வெட்டினார்கள், நீள முடியில் அதற்கு வேலை செய்யத் தெரியாது. மரப்பு ஊசி போட்டு, நாற்காலியில் குனிந்து உட்கார வைத்து, முகத்தை ஒரு மெத்தையில் புதைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பின்மண்டையில் சதுரமான ஒரு சட்டத்தைப் பதித்து தோலை இழுத்துப் பிடித்தார்கள். அந்தச் சட்டத்தின் ஓரக் குறிகளை வைத்துத்தான் எந்திரம் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. அப்புறம் ஒரே சீராக டக், டக் என்று மெல்லிய அதிர்வு. நான் இருமினேன், உடனே நின்றது, மறுபடி இடம் பார்த்துத் தொடர்ந்தது. ஒரு சதுரம் முடிந்ததும் சட்டத்தைப் பக்கத்தில் நகர்த்தினார்கள். வலி இல்லை. கழுத்துதான் பிடித்துக்கொண்டது.

ரோபோவின் உண்மையான பலம் சலிப்பின்மை. 1,800ஆவது கொத்தையும் முதல் கொத்தைப் போலவே எடுக்கும். மனிதர் மணிக்கட்டு அப்படி இருக்காது. ஒரே இடத்தில் நெருக்கமாக எடுத்துவிடாமல் பரவலாகத் தேர்ந்தெடுப்பதையும் அது கணக்காகச் செய்யும்.

குறைகளும் உண்டு. கேமரா பார்ப்பது தோலுக்கு மேலே மட்டும், உள்ளே வேர் விரிந்திருப்பது அதற்குத் தெரியாது. நரைமுடி கேமராவுக்குச் சரியாகப் படாது, முன்னதாகச் சாயம் போட வேண்டும். அடர்ந்த சுருள்முடியில் தடுமாறும். காதுக்கு மேலே தலை வளையும் பக்கவாட்டில் சட்டம் சரியாக உட்காராது. தாடி முடியை எடுக்க உதவாது. ஆழத்தையும் வேகத்தையும் மருத்துவர்தான் அமைக்கிறார், தோல் எதிர்பாராத விதமாக நடந்துகொண்டால் அதைக் கவனித்து மாற்றுவதும் அவர்தான். எந்திரத்தின் விலையும் தேய்மானமும் உங்கள் கட்டணத்தில் ஏறும்.

என் தீர்ப்பு இது: ஆயிரக்கணக்கில் கையால் எடுத்துப் பழகிய ஒருவர் மோட்டார் பஞ்சோடு நின்றால் ரோபோ அவரை மிஞ்சுவதில்லை, பல இடங்களில் அவரே மேல். அவ்வளவு கைப்பழக்கம் இல்லாத ஒருவரிடம் ரோபோ தரத்தைச் சீராக வைத்திருக்க உதவும். ஆனால் அப்படிப்பட்டவரிடம் நெற்றிக்கோட்டை வரையக் கொடுக்க எனக்கு மனம் வராது.

நடும் முறைகள்

இதில் நேரம் கொஞ்சம் போதும். ஒரு வழி, முதலில் மெல்லிய கத்தியால் கீறல்கள் போட்டுவிட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக நடுவது. சஃபையர் எஃப்.யூ.இ. என்று கேட்டால், அந்தக் கீறல் போடும் கத்தி எஃகுக்குப் பதிலாக நீலக்கல்லில் செய்தது என்று பொருள். நல்ல கூர், மெல்லிய கீறல். பறிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு வழி, இம்பிளான்டர் பேனா. 1990களின் தொடக்கத்தில் கொரியாவில் சோய் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் உருவாக்கியது. கிராஃப்டை ஊசிக்குள் ஏற்றி, குத்தி, அழுத்தினால் கீறலும் நடவும் ஒரே அசைவில் முடியும். டி.எச்.ஐ. என்று பெரும்பாலும் சொல்வது இதைத்தான். வேர்முனையை இடுக்கியால் நசுக்கும் அபாயம் குறைவு, இருக்கிற முடிகளுக்கு நடுவே நட வசதி. ஆனால் பேனாவில் ஏற்றும் உதவியாளர் கை தேர்ந்தவராக இல்லாவிட்டால் அந்த லாபம் அங்கேயே போய்விடும்.

எந்த வழியானாலும் கண் பார்ப்பது சாய்வை. முன்வரிசையில் ஒற்றை முடிக் கொத்துகள், சற்றே கோணலாக, முன்னோக்கிப் படுத்தாற்போல் இருக்க வேண்டும். 1952இல் நியூயார்க்கில் ஒரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் முடி நடவைத் தொடங்கிய காலத்தில் 4 மி.மீ. வட்டங்களாக எடுத்து நட்டார்கள், பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தாக நின்றது. பிடரி முடி எங்கே போனாலும் தன் குணத்தை விடாது என்று உலகுக்குக் காட்டியவர் அவர்தான். அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் இன்றைய முறைகள் எல்லாமே நிற்கின்றன.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பறிப்பது, கீறல் போடுவது, நடுவது, ஒவ்வொன்றையும் யார் செய்வார்? பறிப்பதையும் கீறலையும் மருத்துவரே செய்ய வேண்டும். "எங்கள் டீம் பார்த்துக்கொள்ளும்" என்ற பதில் போதாது, டீமில் யார் என்று கேளுங்கள். பல நாடுகளில் உரிமம் இல்லாதவர்கள் முழு அறுவையையும் செய்வதை எதிர்த்து, சர்வதேச முடிமாற்று அறுவை மருத்துவர் சங்கமே ஒரு விழிப்புணர்வு இயக்கம் நடத்துகிறது.

ஒரு நாளில் எத்தனை தலைகள் பார்ப்பீர்கள்? உங்கள் ஒருவருக்கே முழு நாள் வேண்டும்.

கிராஃப்டுகள் வெளியே எவ்வளவு நேரம் இருக்கும், எதில் வைப்பீர்கள்? வெளியே இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பிழைப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், உலர்ந்தால் சில நிமிடமே போதும் சாக.

என் அடர்த்தி எவ்வளவு, இந்த முறை எடுத்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கும்? உருப்பெருக்கியை வைத்து எண்ணாமல், கண்ணால் பார்த்தே "4,000 போடலாம்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நடக்கூடிய எண்ணிக்கைக்கு மரப்பு மருந்தும் வரம்பு போடுகிறது, உடல் எடைக்கு இவ்வளவுதான் என்று உச்ச அளவு உண்டு. ஒரே நாளில் மிகப்பெரிய எண்ணிக்கை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படங்கள் கேட்டால், ஈரமாக்கிச் சீவிய முன்னந்தலையையும் ஒட்ட வெட்டிய பின்மண்டையையும் கேளுங்கள். எழும்பச் சீவிய முடியில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, தடித்த தழும்பு விழும் தோல்வாகு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்றவற்றை அதை எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. புகைப்பவர்கள் முன்னும் பின்னும் சில வாரமாவது விட்டே ஆக வேண்டும், ரத்த ஓட்டம் குறைந்தால் நட்டது பிடிக்காது.

அன்றும் அதற்குப் பின்னும்

அறுவை நாள் நீளமானது, ஆறு முதல் பத்து மணி நேரம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கழற்றும்போது தலையில் உரசாது. மரப்பு ஊசி மட்டும் சுருக்கென்று வலிக்கும். நெற்றிக்கோட்டை வரைந்ததும் கண்ணாடி முன் நின்று நன்றாகப் பாருங்கள். புருவத்தைத் தூக்கும்போது நெற்றி சுருங்குகிற எல்லைக்கு மேலேதான் கோடு இருக்க வேண்டும். வெட்கப்படாமல் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் முடிவு இது ஒன்றுதான்.

முதல் சில இரவுகள் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மூன்றாம் நாள் வாக்கில் நெற்றியும் கண்ணிமையும் வீங்கும், பயப்பட வேண்டாம், இறங்கிவிடும். சொன்னபடி உப்புநீர் தெளிப்பு, சொன்ன நாளில் மென்மையான குளியல். பக்கு தானாக உதிரட்டும், நகம் போடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள்தான் கிராஃப்ட் எளிதில் பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நாள் ஆகிவிட்டால் ஊன்றிவிட்டது என்று நம்பலாம். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, கறுத்துப்போகும் தோல், இதில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் பலரையும் உடைத்துவிடுகிற கட்டம் வரும். இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். பக்கத்திலிருந்த சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் கொட்டலாம். கொட்டுவது தண்டு, வேர் உள்ளே ஓய்வில் இருக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முளைகள் வரும், ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும், ஒரு வருடத்தில் முழுதாகும். உச்சிக்கு இன்னும் ஆறு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு படம், ஒரே ஜன்னலோரம், ஒரே நேரம். தினமும் கண்ணாடியில் தேடினால் எதுவும் தெரியாது.

கடைசியாக ஒன்று. கிளினிக்கை விட்டுக் கிளம்பும்போது ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தப் பகுதியிலிருந்து எத்தனை எடுத்தார்கள், ஒற்றை, இரட்டை, மூன்று எத்தனை, பஞ்ச் அளவு என்ன, அறுபட்டது எத்தனை, எங்கே எத்தனை நட்டார்கள். என் முதல் அறுவைக்கு அப்படி ஒரு தாள் இல்லை. பதினொரு வருடம் கழித்து இரண்டாவது மருத்துவர் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, தழும்புக்கு மேலும் கீழுமாக, என் பின்மண்டையில் மிச்சம் எவ்வளவு என்று ஒரு மணி நேரம் எண்ணினார். இரண்டாவது அறுவையின் தாளை இப்போது மருத்துவக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.